பந்திவிசாரணை: நாற்பது பேர் உள்ள சபைக்கு

‘விசாரிப்பது’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கேட்டறிவது ஒன்று, பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கு உணவு பகிர்ந்த வேலையைத் தமிழ் வேதாகமம் ‘அன்றாட விசாரணை’, ‘பந்திவிசாரணை’ என்றே சொல்கிறது. சின்னச் சபைகளின் உதவி ஊழியம் சறுக்குவது பெரும்பாலும் முதல் பொருளைத் தாண்டிக் குதித்து நேரே இரண்டாவதற்குப் போய்விடுவதால்தான். கேட்பதற்கு முன்பே மூட்டை கட்டி முடிந்துவிடுகிறது.

அந்த அதிகாரத்தில் வந்த சிக்கல் இன்றைக்கும் வரும். கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பகிர்வைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. அதனால் குழு அமைக்கும்போது, ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் கிளம்பிவிடும் குடும்பங்களிலிருந்து ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். மூன்று பேர் போதும்: வீடு போய் விசாரிக்க ஒருவர், பொருளுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர். போதகர் கையில் பணம் போகவேண்டாம். அவர்மேல் சந்தேகம் இருப்பதால் அல்ல, சந்தேகம் வர இடமே இருக்கக்கூடாது என்பதால். பவுலும் தர்மப்பணத்தை எருசலேமுக்குக் கொண்டுபோகத் தனியாகக் கிளம்பவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார்.

எத்தனை குடும்பத்தைத் தாங்கமுடியும்? உற்சாகமான ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையைப் பார்த்து முடிவெடுத்தால் நான்காம் மாதம் கை ஓய்ந்துவிடும். கடந்த 12 மாதங்களின் தர்மப்பண வரவை எழுதி, அதில் மிகக் குறைந்த 3 மாதங்களின் சராசரியை எடுங்கள். நான்கில் ஒரு பங்கைச் சாவு, தீ, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒதுக்கிவிட்டு, மீதியை ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவால் வகுக்கவேண்டும். நாற்பது பேர் உள்ள சபைக்கு விடை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று என்றுதான் வரும். கூச்சப்பட ஒன்றுமில்லை. முப்பது வீட்டுக்கு ஒருமுறை கொடுத்துப் படம் எடுப்பதைவிட, மூன்று வீட்டுக்கு மாதம் தவறாமல் போவது கடினமான வேலை.

உணவுப் பையின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் கண்ணளவில் போடுகிறார்கள். பேரிடர் நிவாரணத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்று திட்டமிடுவார்கள். பொருளாக மாற்றினால் ஏறத்தாழ 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 5 கிராம் உப்பு; மீதியைக் காய்கறி, சர்க்கரை போன்றவை நிரப்பும். நான்கு பேர், 30 நாள் என்று பெருக்கிப் பாருங்கள்: தானியம் 48 கிலோ, பருப்பு 7.2 கிலோ, எண்ணெய் 3 கிலோ. நாம் வழக்கமாகக் கொடுக்கும் 5 கிலோ தானியப் பை அந்த வீட்டுக்கு மூன்று நாள்தான் வரும். ‘ஒரு மாதத்துக்குக் கொடுத்தோம்’ என்று ஜெபக்கூட்டத்தில் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். முழு மாதமும் முடியாதென்றால், வருமானம் வருவதற்கு முந்தைய ஒரு வாரத்தை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். 11.2 கிலோ தானியம், 1.7 கிலோ பருப்பு, 700 கிராம் எண்ணெய். கடன் வாங்கும் வாரம் பெரும்பாலும் அதுதான்.

பால்மாவைப் பொதுப் பையில் போடவே கூடாது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டப்பா கைக்கு வந்துவிட்டால் தாய்ப்பால் கொடுப்பது குறைகிறது, குறையக் குறையச் சுரப்பும் குறைகிறது. டப்பா தீரப்போகும்போது மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். தண்ணீர் சுத்தமில்லையென்றால் வயிற்றுப்போக்கு. தாய் இல்லாத குழந்தை, தாய் மருந்தில் இருக்கிற குழந்தை என்றால் மருத்துவரோ செவிலியரோ சொன்ன பிறகு அந்த வீட்டுக்கு மட்டும், தீராமல் தொடர்ந்து கொடுக்கவேண்டும். மிச்ச மாத்திரைகளைச் சேகரித்துப் பகிர்வதும் வேண்டாம். மருந்துச் சீட்டை வாங்கி, கடைக்கு நேராகப் பணம் கட்டுங்கள்.

சேமிப்பில் கெடுவது பெரும்பாலும் நம் அவசரத்தால். சோப்பையும் தானியத்தையும் ஒரே பையில் போட்டால் ஒரு வாரத்தில் தானியம் சோப்பு மணக்கும், யாரும் சாப்பிடமாட்டார்கள், வெட்கப்பட்டு நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். எண்ணெயைத் தனிப் பையில் நிமிர்த்தி வையுங்கள். மூட்டைகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். ஒட்டினால் ஈரம் ஏறும், எலி வந்தாலும் தெரியாது. காலாவதித் தேதி முந்தியிருப்பது முன்னால் போகவேண்டும். புதிதாக வந்ததைப் பின்னால் அடுக்கும் சோம்பலற்ற ஆள் ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சமைத்துக் கொடுப்பதாக இருந்தால் கணக்கே வேறு. 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்கவேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. விடியற்காலையில் சமைத்து, ஆராதனை முடியும்வரை மூடிவைத்து, நண்பகலில் பரிமாறும் வழக்கம்தான் ஆபத்து. வெந்த சோற்றிலும் உயிர்தப்பும் பாக்டீரிய வித்துகள் உண்டு. வெதுவெதுப்பில் அவை முளைத்து வெளியிடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பிரசங்கம் நீளும் என்று தெரிந்தால் அடுப்பைத் தாமதமாகப் பற்றவையுங்கள்.

இனி வீடு போய் விசாரிப்பது. எப்போதும் இருவர், அதில் ஒருவர் பெண். அரை மணி நேரம் போதும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், கைக்குழந்தை உண்டா, யாருக்கு மருந்து ஓடுகிறது, அடுப்புக்கு எரிபொருள் இருக்கிறதா, வட்டிக்கு வாங்கியிருக்கிறார்களா, அடுத்த வருமானம் எப்போது. இவை தெரிந்தால் போதும். டப்பாக்களைத் திறந்து பார்ப்பது விசாரிப்பு அல்ல, சோதனை. அவர்கள் முன்னால் நோட்டைத் திறக்கவேண்டாம், ஆனால் திரும்பிய ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வீட்டுக் கதை ஒன்றாகிவிடும்.

விசாரித்து அறிந்த விஷயம் எங்கே கசியும் என்றால், ஜெபக்குறிப்பில். ‘பெயர் வேண்டாம், ஒரு குடும்பம் வாடகை கட்டமுடியாமல் இருக்கிறது’ என்று சொன்னாலே நாற்பது பேர் கூடும் இடத்தில் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள். குழுவுக்குள் ஜெபியுங்கள்.

அதேபோல, கொடுக்கும் நாளை ஆராதனை நாளிலிருந்து பிரித்துவிடுங்கள். வந்தால்தான் கிடைக்கும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆராதனை முடிந்து வாசலில் பை அடுக்கியிருந்தால் அதுவே சொல்லிவிடும். கேட்டால் ஜெபிக்கலாம், கேட்காவிட்டால் பையை வைத்துவிட்டு வரலாம். படம் எடுக்கக்கூடாது. கொடுத்தவர்கள் ஆதாரம் கேட்டால், பெயரில்லாமல் எத்தனை வீடு, எத்தனை கிலோ, எவ்வளவு மீதி என்று ஒரு பக்கக் கணக்கு கொடுங்கள்.

பணத்தை ஆராதனை நடந்த இடத்திலேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணி, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்திடவேண்டும். ‘வீட்டில் போய் எண்ணிக்கொள்கிறேன்’ என்பது எவ்வளவு நல்லவர் சொன்னாலும் கூடாது. குழுவில் இருப்பவரின் உறவினர் விண்ணப்பம் வந்தால் அவர் அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே இருக்கட்டும்.

கடன் மட்டும் கொடுக்காதீர்கள். திருப்பித் தரமுடியாதவர் முதலில் நிறுத்துவது தவணையை அல்ல, சபைக்கு வருவதை. கொடுக்கமுடிந்ததைக் கொடையாகக் கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை உரியவரிடம் நேராகக் கட்டலாம், ஆனால் ரசீது அந்தக் குடும்பத்தின் பெயரில் இருக்கவேண்டும். மற்றபடி, கடை பக்கத்தில் இருந்து வாங்கத் தெரிந்த வீட்டுக்குப் பொருளைவிடப் பணமே மேல் என்பது என் கருத்து. அவர்கள் வீட்டில் எது தீர்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

பழைய துணி பற்றி ஒரு வரி: நீங்கள் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வரமுடியாததை வாங்காதீர்கள்.

உதவி தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் சொல்லிவிடவேண்டும். மூன்று மாதம், பிறகு பேசுவோம் என்று. தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்திலும் விதவைகளின் பட்டியலுக்கு வரம்பு உண்டு: 60 வயது, முதலில் பிள்ளைகளும் பேரன்களும் பார்க்கவேண்டும் என்று. நாளைச் சொல்லாமல் தொடங்கினால் நிறுத்தும் மாதம் தண்டனைபோலத் தெரியும். மூன்றாம் மாதக் கடைசியில் அதே இருவர் போய் அதே கேள்விகளைக் கேட்கட்டும். முதியவர்களுக்கும் தீரா நோயாளிகளுக்கும் இது புதுப்பிப்பாகவே இருக்கும். முடிந்த வீட்டுக்கு நோட்டில் முடிந்த தேதியை எழுதி, பக்கத்தில் அடுத்த விசாரிப்புத் தேதியையும் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து, கையில் பை இல்லாமல்.