ஈரப் பின்னலும் 6 ஆம்பியர் பிளக்கும்

மகளுக்கு இடுப்பளவு முடி; காலை ஏழு மணிக்குக் கல்லூரிப் பஸ். தலைக்குக் குளித்த நாளில் ஈரத்தோடு பின்னிக்கொண்டு ஓடுவாள். மாலையில் பின்னலை அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம், கூடவே ஒரு வாடை.

நேற்று ஹேர் டிரையர் வாங்கப் போனேன். கடைப் பையன் 2000 வாட்டை நீட்டி, "ஐந்தே நிமிடம் அக்கா" என்றான். எங்கள் படுக்கையறையில் இருப்பதோ 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் அது 1380 வாட்தான் தாங்கும். இவன் நீட்டியது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்காக, பெரிய பிளக் இருக்கும் வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றா தலை உலர்த்துவது? 1200 வாட் போதும் என்றேன்.

அயனி, செராமிக் என்று பெட்டியில் இருந்த புராணம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. குளிர்காற்றுப் பொத்தான் இருக்கிறதா, பின்பக்க வலையைக் கழற்றித் தூசி தட்ட முடிகிறதா என்று பார்த்தேன். வலை அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறி, பாதியில் நின்றுவிடும். கையை உயர்த்திக் கொஞ்ச நேரம் பிடித்தும் பார்த்தேன். கடையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த முடிக்குக் கால் மணி நேரமாவது தூக்கிப் பிடிக்க வேண்டுமே!

வீட்டில் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் சாம்பிராணி எங்கே போடுவது?"