நிரந்தர விலாசம் என்ற இரண்டாவது வரி

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு சமூக சேவை நிலையத்தின் உதவி மேசையில் எட்டு ஆண்டுகள் பணி செய்தேன். வாடகை கட்ட முடியாதவர்கள், மின்சாரம் துண்டிக்கப்பட்டவர்கள், சொந்த வீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டு வருபவர்கள் ஆகியோருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, உரிய காரியாலயத்துக்கு வழிகாட்டுவதே வேலை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்பதை முதல் மாதத்திலேயே படித்துக்கொண்டேன். ஆனால் வந்தவர்களில் பலருக்குப் படிவத்தின் இரண்டாவது வரியைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. பெயருக்கு அடுத்த வரி அது: நிரந்தர விலாசம்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு நகருக்கு வந்திருந்த ஒரு பெண்ணை நினைவுகூர்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். பிள்ளைகளின் படிப்புக்காக, ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளை மாதம் 12,000 ரூபாவுக்கு எடுத்திருந்தார்கள். மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்ததில் கையிருப்பு கரைந்துபோயிருந்தது. படிவத்தை எடுத்து விலாசம் கேட்டேன்.

"எந்த விலாசத்த எழுதுறது மிஸ்? வீட்டுக்காரம்மா அவங்க விலாசத்த எங்கயும் குடுக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. தோட்டத்து விலாசத்த எழுதுனா, கடிதாசி தொரையோட ஆபீசுக்குல்ல போகும்?"

அவர் சொன்னதில் பிழை எதுவுமில்லை. மலையகத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்த ஒருவருக்குத் தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர் ஆகியவற்றுக்கு அப்பால் தனி வீட்டிலக்கம் கிடைப்பது அரிது. கடிதங்கள் மொத்தமாகத் தோட்டக் காரியாலயத்தில் வந்து விழும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்ததாகச் சொன்ன இளைஞர்கள் எங்கள் மேசைக்கு வந்தவர்களில் ஒருவர் இருவர் அல்லர். 1992ஆம் ஆண்டு அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும், லயத்தின் ஓர் அறையான காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தவரிடம் அந்தக் காம்பராவுக்கான உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கிடையாது. அப்படிப்பட்டவர் நகரத்துக்கு வந்து வாடகைக்குக் குடியேறும்போது, இருந்த அரைகுறை விலாசமும் போய்விடுகிறது.

வீட்டுக்காரர்களைக் குறை கூறிப் பேசுவது எளிது; முதலிரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் பேசினேன். பின்னர் அவர்களையும் சந்தித்துப் பேசத் தொடங்கியபோது என் எண்ணம் மாறியது. பெரும்பாலானோர், பெற்றோர் காலத்தில் லயத்தை விட்டு வெளியேறியவர்கள். மத்திய கிழக்கில் உழைத்த பணத்திலோ தாயின் சேமலாப நிதியிலோ வீட்டைக் கட்டி, மீதிக் கடனை அடைக்கப் பின்னறையை வாடகைக்கு விட்டவர்கள். விலாசத்தைக் கொடுத்தால் குடியிருப்பவர் வீட்டுக்கே உரிமை கோரிவிடுவார் என்ற அச்சம் அவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளருக்கு வலுவான பாதுகாப்பைக் கொடுத்தது; அதன் கீழ் நடந்த நீண்ட வழக்குகளைப் பற்றிய கதைகள், அந்தச் சட்டம் பொருந்தாத புதிய வீடுகளின் சொந்தக்காரர்களையும் இன்றுவரை அச்சுறுத்துகின்றன. குடியிருப்பவரைக் காக்க எழுதிய சட்டத்தின் நினைவே, அவருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காமற் போகக் காரணமாயிற்று என்பதை நான் மிகுந்த வருத்தத்துடன்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. இருவரும் கையொப்பமிட்டு வீட்டில் வைத்திருந்த ஒரு வருட ஒப்பந்தத்தைத் தகராறு வந்த நாளில் என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்களுக்கு இதைச் சொல்ல நேர்ந்த ஒவ்வொரு முறையும் அவர்களின் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். நொத்தாரிசின் கட்டணத்துக்கு அஞ்சியே பலர் அந்தப் பக்கம் போகவில்லை. குத்தகைக்கு விட்ட வீட்டை மீளப் பெறுவதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, எழுத்தில் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பே என்று வீட்டுக்காரர்களிடம் சொல்ல எனக்கு ஒரு பிடி கிடைத்தது. சிலர் இணங்கினார்கள். இணங்காதவர்களிடம் குறைந்தபட்சமாக இரண்டைக் கேட்டேன்: ஒவ்வொரு மாதமும் வாடகைக்குப் பற்றுச்சீட்டு, இன்ன குடும்பம் இன்ன தேதியிலிருந்து இந்த வீட்டின் பின்பகுதியில் மாத வாடகைக்கு இருக்கிறது என்று கிராம உத்தியோகத்தருக்கு ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தின் வாசகத்தை நானே எழுதி, வாடகையைத் தவிர வேறு எந்த உரிமையையும் அது கொடுக்காது என்ற வரியையும் சேர்த்து, வீட்டுக்காரரின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், அமர்ந்து வாசித்துக் காட்டுவேன். அலுவலக மேசையில் மறுத்தவர்கள் சொந்த இஸ்தோப்பில் கையொப்பமிட்டார்கள். வாடகை பாக்கி, முற்பணத்தைத் திருப்பிக் கொடாமை போன்ற சச்சரவுகள் வந்தபோது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைக்கு அனுப்பினேன். அங்கே கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை; ஆனால் பற்றுச்சீட்டு வைத்திருந்தவர்தான் நிமிர்ந்து பேச முடிந்தது.

மின் கட்டணப் பிரச்சினையை நான் மிகத் தாமதமாகவே விளங்கிக்கொண்டேன். தோட்டத்தில் தேயிலைச் செடியின் காய்ந்த கிளைகளான மிலாறை எரித்துச் சமைத்த குடும்பம் நகரத்தில் காஸ் சிலிண்டருக்கு மாறுகிறது. 2022ஆம் ஆண்டு காஸ் கிடைக்காமற் போனபோது பின்னறைகளில் இருந்தவர்கள் ரைஸ் குக்கருக்கும் மின் அடுப்புக்கும் மாறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மின் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை நீண்ட மாதங்கள் அவை.

விலை உயர்வோடு வேறொன்றும் அவர்களை அழுத்தியது. நம் நாட்டில் வீட்டு மின் கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகுகளைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு விலை. தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை. மேலே போகப்போக நிலையான கட்டணமும் கூடும். முன்வீட்டுக் குடும்பம் 70 அலகும், பின்னறைக் குடும்பம் 40 அலகும், மாடியில் தங்கியிருக்கும் ஆசிரியை 25 அலகும் பாவித்தால், ஒரே மீட்டரில் 135 அலகாகிவிடுகிறது. தனி மீட்டர் இருந்திருந்தால் குறைந்த படியிலேயே நின்றிருக்கும் அந்தப் பின்னறைக் குடும்பம், ஓரளவு வசதியுள்ள குடும்பம் கட்டும் விலையைக் கட்டுகிறது. வீட்டுக்காரர் அலகுக்கு இவ்வளவு என்று தாமாக ஒரு தொகையைச் சொன்னால், அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. யாரும் யாரையும் ஏமாற்றாத வீடுகளிலும் இதுவே நடந்தது என்பதால் எனக்கு இது கூடுதலாக உறுத்தியது.

தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு குடும்பங்களைத் தயார் செய்தேன். தனி மதிப்பீட்டு இலக்கம் உண்டா, வீட்டுக்காரரின் சம்மதம் உண்டா என்ற கேள்விகளில் இரண்டு விண்ணப்பங்களும் நின்றன. பின்பக்கத்துக்குத் தனியே சோலைவரி என்ற வீட்டு வரி விதிக்கப்பட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டுமே என்று வீட்டுக்காரர் தயங்கினார். அவரது நிலையில் நானும் தயங்கியிருப்பேன். ஆகவே சிறிய வழியொன்றைப் பின்பற்றினோம். உள்ளே ஒரு சப் மீட்டரைப் பொருத்துவது. மாதப் பட்டியலின் படத்தைக் குடியிருப்பவருக்கும் காட்டுவது. மொத்தத் தொகையை அலகு விகிதப்படி பிரிப்பது. படிமுறையின் சுமை இதனால் நீங்காது. என்றாலும் சந்தேகம் நீங்கியது. சந்தேகத்தால் அறையைக் காலி செய்வது எனக்குத் தெரிந்த வீடுகளில் குறைந்தது. சிவப்பு எழுத்தில் துண்டிப்பு அறிவித்தல் வந்த குடும்பங்களை மின் பட்டியலோடு நேரில் அழைத்துப் போய்த் தவணை கேட்டோம். துண்டித்த பிறகு போவதைவிட முதல்நாள் போனால் பேச இடமிருந்தது. மீள் இணைப்புக் கட்டணமும் மிச்சமாயிற்று.

தண்ணீர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தோட்டத்துப் பீலியில் விலையில்லாமல் பிடித்த தண்ணீருக்கு நகரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். தொகை சிறியது, சண்டையும் சிறியதே.

2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது, நான்கு பிரிவினருக்கு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று தொகைகள் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. தகவல் திரட்ட வந்தவர்கள் முன்கதவைத் தட்டினார்கள்; அங்கே ஒரு குடும்பத்தின் விவரம் எழுதப்பட்டது; பின்கதவுக்குப் பின்னால் இன்னொரு அடுப்பு எரிவது பல இடங்களில் பதிவாகவில்லை. மேன்முறையீட்டுக் காலத்தில் இரவு ஒன்பது மணி வரை நிலையத்தைத் திறந்து வைத்திருந்தோம். தனிக் குடும்பம் என்பதை நிறுவ அப்போது கைகொடுத்தவை, முன்னர் இஸ்தோப்பில் அமர்ந்து வாங்கிய அந்த ஒரு பக்கக் கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும்தான்.

இதுவரை சொன்னவற்றில் என் பிழை ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நகரத்தில் வாழும் குடும்பம் நகரத்து வாக்காளர் இடாப்பிலேயே பெயரைப் பதிய வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே ஆலோசனையைச் சொல்லி வந்தேன். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது அண்மையில் வசிப்போர் பிரிவில் இடாப்பும், பதிவு செய்த குத்தகையும், மின் பட்டியல்களும் கேட்கப்படுகின்றன. ஆகவே காரணம் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தம்பதியர் என் சொல்லைக் கேட்டு, தாயின் லயக் காம்பராவோடு இருந்த பதிவை நகரத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அவர்களது டிவிசனில் 7 பேர்ச்சஸ் காணியோடு கூடிய தனி வீடுகளுக்குப் பட்டியல் எடுக்கப்பட்டது. அவர்களின் பெயர் அதில் இல்லை.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் ஒப்புக்கொள்ளப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை மலையகத்துக்கு அறிவித்த நாளில், அந்த மைதானத்தில் அந்தக் கணவரும் நின்றிருந்தார். அதை அவர் என்னிடம் கோபமில்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு, பதிவை மாற்றுமாறு யாரிடமும் உடனே சொன்னதில்லை. தோட்டத்தில் இன்னும் யார் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) இருக்கிறார்கள், வீட்டுப் பட்டியல் பேச்சு நடக்கிறதா, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டீர்களா என்ற கேள்விகளை முதலில் கேட்டேன். பாடசாலையா, காணியா என்று ஒரு குடும்பம் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து.

நகரத்து வாடகைக் குடும்பத்துக்குச் சொந்த வீட்டுக்கான மற்றக் கதவுகள் எப்படி என்றால், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் கடனுக்குப் போனாலும், ஊழியர் சேமலாப நிதி மீதியைப் பிணையாக வைத்து வீட்டுக் கடன் கேட்டாலும், காணியின் உறுதியைத்தான் கேட்கிறார்கள். காணியில்லாதவர், கட்டுப்பணம் சேர்ந்ததும் மலிவான சரிவு நிலத்தைத் தேடிப் போகிறார். அப்படி ஆறு பேர்ச்சஸ் நிலத்துக்கு முற்பணம் கொடுக்கவிருந்த ஒருவரைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கிடைக்கும்வரை பொறுக்கச் சொன்னேன். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை நினைவூட்டியபோதுதான் அவர் இணங்கினார். அறிக்கை அந்த நிலத்தில் கட்ட அனுமதிக்கவில்லை. அவர் இன்னும் வாடகையில்தான் இருக்கிறார்.

பொகவந்தலாவையிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வதிவிடச் சான்றிதழ் கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. வீட்டுக்காரம்மா கடிதத்தில் கையொப்பமிட்ட அன்று, தம் வீட்டிலக்கத்துக்குப் பின்னால் "பின்பகுதி" என்று தாமே எழுதிச் சேர்த்தார். நான் பணியை விட்டு விலகிய வாரத்தில் அந்தக் கோப்பை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்தபோது, அவரது அஸ்வெசும மேன்முறையீட்டின் முடிவு வந்திருக்கவில்லை. கோப்பின் மேல் ஒரு குறிப்பை மட்டும் ஒட்டிவிட்டு வந்தேன்: கடிதம் வந்தால் முன்கதவில் கொடுக்க வேண்டாம், பக்கத்துப் படியால் இறங்கி, நீல நிறக் கதவைத் தட்டி அவர் கையிலேயே கொடுக்கவும்.