ஒன்பது எழுத்து வயிற்றுப்போக்கு

கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய தயிர்ப்பச்சடிதான் காரணமாக இருக்க வேண்டும். விடிவதற்குள் ஐந்து முறை போய் வந்துவிட்டேன். என் மேலாளர் இருப்பது லண்டனில். படுத்தபடியே கைப்பேசியில், லூஸ் மோஷன், இன்று விடுப்பு வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினேன். மதியத்துக்கு மேல் பதில் வந்தது: “என்ன கழன்றுவிட்டது? காரிலா?”

லூஸ் மோஷன் நாமாகக் கட்டிவிட்ட சொல் அன்று. மலத்தை மோஷன் என்பது பழைய ஆங்கில வழக்குதான். அந்த ஊர் மருத்துவர்கள் இன்றும் சொல்வார்கள். மேலாளர் மருத்துவர் இல்லையே!

சரி, டயரியா என்றே எழுதிவிடலாம் என்று இறங்கினேன். முதல் முயற்சியைக் கைப்பேசி ‘டைரி’ என்று திருத்தியது. டைரியால் அவதிப்படுகிறேன் என்று அனுப்பவா முடியும்? அடுத்த முறை ஓர் ஆர் குறைந்தது. அதற்கடுத்து ஹெச் விட்டுப்போனது. நடுவில் இரண்டு முறை எழுந்து ஓடவும் வேண்டியிருந்தது.

ஓஆர்எஸ் கரைசலைக் குடித்துக்கொண்டே அகராதியைத் திறந்தேன். கிரேக்கச் சொல்லாம். ‘டியா’ என்றால் ஊடாக. பின்பாதி, ஓடுவதைக் குறிப்பது. நம் வயிற்றுப்போக்கிலும் இருப்பது அதே போக்குதான் என்று தெரிந்ததும் அந்தச் சொல்லின்மேல் பாதிக் கோபம் போய்விட்டது. கொனோரியா என்ற பால்வினை நோய்க்கும் இதே வால்தான். அதை விடுப்புக் கடிதத்தில் எழுதும் நிலை யாருக்கும் வர வேண்டாம். டி-ஐ-ஏ, ஆர்-ஆர்-ஹெச், ஓ-இ-ஏ என்று மும்மூன்றாகப் பிரித்துச் சொல்லிப் பார்த்தேன். ஒன்பது எழுத்தும் அடங்கிவிட்டன. அமெரிக்கர்கள் அந்த ஓவைக் கழற்றிவிட்டு எட்டிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

எழுத்து சரியாயிற்று, வாக்கியம் சறுக்கியது. ஜலதோஷத்துக்கு ‘எ கோல்ட்’, காய்ச்சலுக்கு ‘எ ஃபீவர்’ என்று போடுவதுபோல இதற்கும் முன்னால் ஓர் ‘எ’ போட்டுவிட்டேன். இதற்கு அது கூடாதாம். மறுநாள் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

போன மாதம் மகனுக்கு வயிறு கெட்டது. பள்ளி டைரியில் ஒன்பது எழுத்தையும் பிசகாமல் எழுதி, ‘எ’ போடாமல், கையெழுத்திட்டு அனுப்பினேன். மாலையில் வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

“லூஸ் மோஷனா சார்?”