வில்லால் மான் வேட்டை: அம்பு எங்கே பாய வேண்டும், எப்போது விடக்கூடாது

குண்டு கொல்லும் விதம் வேறு, அம்பு கொல்லும் விதம் வேறு. குண்டின் வேகமே சுற்றியுள்ள திசுவைச் சிதைத்துவிடும். அம்புக்கு அந்த வேகம் இல்லை. முனையிலுள்ள அலகு அறுத்துக்கொண்டு போக வேண்டும், ரத்தம் வெளியேறி, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் நிற்க வேண்டும். இரண்டு நுரையீரலும் அறுபட்ட மான் பெரும்பாலும் சில வினாடிகளில் விழுந்துவிடும். வயிற்றில் பட்ட மான் மணிக்கணக்கில் துடிக்கும். அதனால் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வில்லோடு நிற்பவருக்கு இலக்கு ஒன்றுதான்: இரண்டு நுரையீரலும். அதற்கு வழியில்லாத கோணத்தில் மான் நின்றால் நாணை மெல்லத் தளர்த்திவிட வேண்டும்.

வளர்ந்த வெண்வால் மானில் (அமெரிக்கக் கண்டத்து மான் இனம்) இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 20 செ.மீ. விட்டம் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று புரிய, தோலுக்கு அடியிலுள்ள எலும்பை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கமிருந்து முன்னோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. அது முடியும் இடத்தில் மேற்கால் எலும்பு பின்னோக்கி மடங்கி முழங்கைக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து, படுக்கவைத்த கவட்டை மாதிரி, பின்பக்கம் வாய் திறந்து கிடக்கும். அந்தத் திறந்த வாயில்தான் விலா எலும்பு மட்டும் தடையாக நிற்கிறது. விலாவை அம்பு எளிதில் ஊடுருவும். தோள் மூட்டிலோ கனத்த எலும்பிலோ மோதினால் நின்றுவிடும்.

மான் சரியாகப் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போங்கள். மார்பின் அடிக்கோட்டிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். இதயத்தின் மேற்பகுதியும் பெரிய ரத்தக் குழாய்களும் அங்கே இருக்கின்றன. கொஞ்சம் மேலே தவறினாலும் நுரையீரல் காத்திருக்கிறது. நம்மை நோக்கியிருக்கும் முன்னங்கால் ஓரடி முன்னால் வைத்திருந்தால் இன்னும் நல்லது, விலா முழுதாகத் திறந்திருக்கும்.

முதுகுக்கோடு நம் கண்ணை ஏமாற்றும். தோளுக்கு மேல் முதுகெலும்பின் முட்கள் நீளமானவை, தண்டுவடம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகப் போகிறது. உயரத் தவறிய அம்பு அதற்கும் மேலே வெறும் சதையைத் துளைத்துப் போய்விடும். பின்னால் தவறுவது அதைவிட மோசம். உதரவிதானம் முன்னோக்கிக் குவிந்திருப்பதால், கீழ்ப்பகுதியில் நுரையீரல் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஒரு சாண் பின்னால் போனால் கல்லீரல், அதற்கும் பின்னால் இரைப்பை.

நம்மிடமிருந்து சற்று விலகித் திரும்பி நிற்கும் மான், என் கணிப்பில், பக்கவாட்டு நிலையைவிட நல்ல வாய்ப்பு. விலாவின் பின்பகுதியில் நுழைந்து முன்னோக்கிப் பாயும் அம்பு தோள் எலும்பில் மோதாமல் நுரையீரல் நெடுக அறுத்துப் போகும். அங்கே நுழைவிடத்தைக் கணக்கிட்டுக் குழம்ப வேண்டாம். நமக்கு மறுபக்கத்தில் உள்ள முன்னங்கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை நோக்கிக் கோடு போடுங்கள். ஆனால் அதிகமாகத் திரும்பிவிட்டால் இரைப்பையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும், அப்போது விடக்கூடாது. நம்மை நோக்கித் திரும்பிய மான், நேர் எதிரே நிற்கும் மான், பின்புறம் காட்டும் மான் எதற்கும் அம்பு வேண்டாம். கழுத்தும் தலையும் எப்போதும் வேண்டாம். அசையும், சிறியவை, பட்டும் படாமலும் போனால் தாடை உடைந்த மான் பட்டினியில் சாகும்.

மரத்தின் மேல் பரணில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 6 மீட்டர் உயரத்தில் இருந்து, 10 மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்கு அம்பு சுமார் 30 பாகை சரிவில் இறங்கும். 5 மீட்டரில் அது 50 பாகை. அவ்வளவு செங்குத்தாக இறங்கினால் ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டுப் போகும் ஆபத்து அதிகம், ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். மறுபக்கம் மார்பின் கீழ்ப்பகுதியில் வெளியேறும்படி, நுழைவிடத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பை வளைத்துக் குனிந்தால்தான் இழுக்கும் நிலை மாறாது.

தூரம் என்பது துல்லியம் மட்டும் சார்ந்ததல்ல. நாண் ஓசை கேட்ட மான் பாய்வதற்காகக் காலை மடக்கும், உடல் சட்டென்று தாழும். வினாடிக்கு 85 மீட்டர் போகும் அம்பு 30 மீட்டர் கடக்க 0.35 வினாடி ஆகிறது; ஓசை 0.09 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். திடுக்கிட 0.1 வினாடி கழித்தாலும், மீதி நேரத்தில் உடல் 13 செ.மீ. வரை இறங்கலாம். அதாவது சரியாகக் குறிவைத்த அம்பே நுரையீரலுக்கு மேல் போய்விடக்கூடும். 15 மீட்டரில் இதே கணக்கு அரை செ.மீ. தான். காதை விறைத்து நம் பக்கம் பார்க்கும் மானுக்கு, எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், காத்திருப்பதே முறை.

பயிற்சியில் 20 செ.மீ. வட்டத்துக்குள், உடல் சூடாகாத நிலையில் விடும் முதல் அம்பு தவறாமல் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. பத்தாவது அம்பை வைத்துக் கணக்கிட வேண்டாம், காட்டில் முதல் அம்பு மட்டும்தான் கிடைக்கும். வேட்டை உடையிலும், உட்கார்ந்தும், குனிந்தும் பழகிப் பாருங்கள். அலகு மழித்துவிடும் கூர்மையில் இருக்க வேண்டும். மொட்டை அலகு ரத்தக் குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளும்.

அம்பு விட்டதும் மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் ஒரு மரத்தோடு சேர்த்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அம்பை எடுத்துப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துத் தொடரலாம். கருஞ்சிவப்பு கல்லீரலைக் காட்டும், நான்கு மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். பச்சையாகச் சாணமும் புளித்த நாற்றமும் இருந்தால் இரைப்பை. 8 முதல் 12 மணி நேரம் நெருங்கக் கூடாது. விரட்டாவிட்டால் அது பக்கத்திலேயே படுத்துவிடும். விரட்டினால் ரத்தத் தடமே இல்லாமல் வெகுதூரம் போய்விடும்.