பழைய ஃபைபர் படகைச் சீரமைத்தல்: உள்ளே ஒளிந்திருக்கும் நீர்

கண்ணாடி இழையால் கட்டிய படகு அழுகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. இழையும் அதைப் பிணைத்து நிற்கும் ரெசினும் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் அவற்றின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் வைத்துப் பொதியப்பட்ட மரம் அப்படித் தாங்குவதில்லை. வீட்டில் ஏற்றி நிறுத்தி ஒரு 14 அடி மீன்பிடிப் படகைச் சீரமைத்து முடித்த பிறகு, இந்த வேலையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உள்ளே புகுந்த நீரைத் தேடிப் பிடித்து வெளியேற்றி, அது வந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதே பழைய ஃபைபர் படகின் சீரமைப்பு. நிறமும் பளபளப்பும் அதற்குப் பிறகு வருபவை. அழுகிய பின்பலகையின் மேல் புதுப் பெயின்ட் அடித்து விற்கப்படும் படகுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. அந்தப் பலகையில் தொங்கும் இன்ஜினை நம்பித்தான் ஒருவர் கரையை விட்டுப் போகப்போகிறார்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழைய படகைக் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் உண்டு. பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழையும் சேர்த்துப் படகு கட்டும் முறை 1940களில் தொடங்கியது. ஒருமுறை இறுகிய அந்த ரெசினை மீண்டும் உருக்க முடியாது. உலோகப் படகைப் போல உருக்கி வார்ப்பதற்கோ, மரப் படகைப் போல மண்ணோடு மக்குவதற்கோ வழியில்லாததால், கைவிடப்பட்ட ஃபைபர் படகு கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதன் வெளி ஓடு நல்ல நிலையில் இருந்தால், உள்ளே இருப்பதை மாற்றி இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வைப்பதே நியாயமான வழி.

முதல் வேலை பரிசோதனை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் தலைச் சுத்தியலும் பொறுமையான காதும் போதும். தளத்தையும் பின்பலகையையும் கை அகல இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும்; மரமும் இழையும் பிரிந்த இடம், அல்லது நீர் ஊறிய இடம், மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களை எல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தால், சிறிது நேரத்தில் படகின் மேல் ஒரு வரைபடமே உருவாகிவிடும். பிறகு ஐயமுள்ள இடத்தில், உட்பக்கத்திலிருந்து, வெளி ஓட்டைத் துளைத்துவிடாமல் சிறிய துளையிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல மரமாக இருந்தால் டிரில் முனையில் வெளிறிய, உதிரியான தூள் சுருள்சுருளாக வரும். அழுகிய மரமாக இருந்தால் கரும்பழுப்பு நிறத்தில் கூழாக வந்து முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் புளித்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். என் படகில் பின்பலகையின் மேற்பாதி உலர்ந்த தூளைத் தந்தது. வடிகால் துளைக்கு அருகே கீழ்ப்பகுதி முழுவதும் கூழாக வந்தது. நீர் அந்தத் துளையின் மூடப்படாத மர விளிம்பு வழியாகத்தான் நுழைந்திருந்தது.

தளத்துக்கு அடியில் மிதப்புக்காக ஊற்றப்பட்டிருக்கும் நுரையையும் நம்பிவிடக் கூடாது. மூடிய கண்ணறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரைகூட, நீரிலேயே ஊறிக் கிடந்தால், ஆண்டுகள் போகப் போக அதை உள்வாங்கிக்கொள்கிறது. ஒரு கன மீட்டர் நுரையில் பத்தில் ஒரு பங்கு நீர் புகுந்தாலும் 100 கிலோ கூடிவிடும். படகு முன்புபோல் வேகம் எடுக்கவில்லை, பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்று இன்ஜினைக் குறை சொல்பவர்கள் முதலில் நுரையைத் தோண்டிப் பார்ப்பது நல்லது.

தளத்தை அறுத்து எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் பலருடைய கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. தளமும், ஸ்ட்ரிங்கர் எனப்படும் நீளச் சட்டங்களும் சேர்ந்துதான் ஓட்டின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் ஓடு தன் எடையிலேயே தொய்ந்து, டிரெய்லரின் உருளைகள் முட்டும் இடங்களில் உள்வாங்கும். அந்த நிலையிலேயே புதுச் சட்டங்களை ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். பின்பகுதியின் அடியில் ஏற்படும் சிறு வளைவுகூட ஓடும்போது படகின் மூக்கைக் கீழே அழுத்தும். எனவே ஓட்டின் நீளம் முழுவதும் பலகைகளால் தாங்கு கொடுத்து, இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே குறுக்குக் கட்டைகள் வைத்துப் பிடித்த பிறகே அறுவை தொடங்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அரைக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்கு நுண்துகள் வடிகட்டியும், பாலியெஸ்டர் ரெசினைக் கரைத்து வைத்திருக்கும் ஸ்டைரீனின் ஆவிக்குக் கரிம ஆவி வடிகட்டியும் பொருத்திய முகமூடி வேண்டும். துணி முகமூடியால் பயனில்லை. பாலியெஸ்டர் ரெசினை இறுகச் செய்யும் பெராக்சைடு கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். அந்தக் கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே ஆக்சிலரேட்டர் சேர்த்த ரெசின் கிடைத்தால் அதையே வாங்குவது வீட்டில் வேலை செய்பவருக்கு நல்லது.

பின்பலகைதான் முழு வேலையின் இதயம். அவுட்போர்டு இன்ஜினின் எடையும், அதன் உந்துவிசை நெம்புகோலாகக் கொடுக்கும் அழுத்தமும் அங்கேதான் இறங்குகின்றன. வெளி ஓட்டை விட்டுவிட்டு, உட்புற இழையை அறுத்து, அழுகிய மரத்தை உளியால் சுரண்டி எடுத்தேன். எடுத்த துண்டுகளைத் தரையில் அடுக்கி அட்டையில் வடிவத்தை வரைந்துகொண்டு, 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசினால் ஒட்டிப் புதிய பலகை செய்தேன். பழைய பலகையின் தடிமனை அளந்து அதையே பின்பற்ற வேண்டும், ஏனெனில் இன்ஜினின் பிடிப்பு அந்த அளவுக்கே அமைந்தது. உயரமும் அப்படித்தான்: சிறிய தண்டு இன்ஜினுக்குப் பின்பலகை சுமார் 15 அங்குலம், நீளத் தண்டுக்குச் சுமார் 20 அங்குலம். பலகையை ஓட்டோடு சேர்க்கும்போது, ஃபியூம்டு சிலிக்கா என்ற நுண்தூளைக் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியைப் பல் கொண்ட கரண்டியால் பரப்பி, நாலாபுறமும் பசை பிதுங்கி வரும்வரை மட்டும் கிளாம்ப்புகளை இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, இணைப்பு வறண்டுவிடும்.

எந்த ரெசின் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. படகு முதலில் பாலியெஸ்டரால்தான் கட்டப்பட்டது, அதையே தொடர்ந்தால் போதும் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அது மலிவு, படகின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சான ஜெல்கோட்டும் அதன்மேல் சிக்கலின்றிப் பிடிக்கும். ஆனால் புதிய ஓடு கட்டும்போது ஓர் அடுக்கு முழுதாக இறுகும் முன்பே அடுத்த அடுக்கு விழுவதால், இரண்டும் வேதியியல் முறையில் ஒன்றாகிவிடுகின்றன. எப்போதோ இறுகி முடிந்த பழைய ஓட்டில் அந்த வாய்ப்பு இல்லை. கரகரப்பாக அரைத்த பரப்பைப் பற்றிக்கொள்ளும் ஒட்டு மட்டுமே மிச்சம். அந்த ஒட்டில் எபாக்சி பாலியெஸ்டரைவிடத் தெளிவாக வலிமையானது; மரத்தோடும் நன்றாகப் பிடிக்கும். ஆகவே பின்பலகைக்கும் சட்டங்களுக்கும் எபாக்சியே என் தேர்வு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: சாப்டு ஸ்ட்ராண்டு மேட் எனப்படும், துண்டு இழைகளாலான சாதாரண விரிப்பின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகவே உண்டாக்கப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது என்பதால் அந்த மேட் விறைப்பாகவே நின்று வளைவுகளில் படியாது. எபாக்சிக்கு, இரு திசை இழைகளைத் தையலால் பிணைத்த பயாக்சியல் துணியே பொருந்தும்.

கலவை விகிதத்திலும் இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம்; வெப்பநிலைக்கு ஏற்ப அந்த எல்லைக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் அதை இறுகச் செய்யும் ஹார்டனரின் விகிதம் உற்பத்தியாளர் சொன்னதுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் அது என்றென்றும் பிசுபிசுப்பாகவே நிற்கும். இரண்டுமே இறுகும்போது சூட்டை வெளியிடுபவை. ஆழமான குவளையில் நிறையக் கலந்து வைத்தால் சூடு வெளியேற வழியின்றிப் புகைந்து கட்டியாகிவிடும். சிறிது சிறிதாகக் கலந்து உடனே அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் கிடைக்கும். மரத்தையும் ஓட்டையும் முதலில் வெறும் ரெசினால் நனைத்து, துணியை விரித்து, ரோலரால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி உருட்ட வேண்டும். வெள்ளையாக இருந்த துணி எண்ணெய் பட்ட காகிதம்போல மெல்ல மெல்லத் தெளிந்து, அடியிலிருக்கும் மரத்தின் வரிகள் தெரியத் தொடங்கும். வெண்மை மிஞ்சிய இடத்தில் காற்றோ ரெசின் பற்றாக்குறையோ இருக்கிறது என்று பொருள். அப்போதே சரிசெய்துவிட வேண்டும். கூர்மையான மூலையில் இழை படியாது என்பதால், பலகையும் ஓடும் சந்திக்கும் கோணத்தில் கெட்டியாக்கிய எபாக்சியால் உருண்டையான நிரப்பு இழைத்து, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று அகலமாகத் துணிகளைப் படிப்படியாக ஒட்டினேன்.

சட்டங்களுக்கும் இதே முறைதான். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, சட்டத்தின் விளிம்பு ஓட்டில் நேராக முட்டாமல் இடையில் மெல்லிய கெட்டிப்பசைப் படுக்கை இருப்பது. இல்லையென்றால் அலை அடிக்கும்போது அந்தக் கோட்டில் ஓடு விரிசல் விடும்.

வெளிப்புறத்தில் விரிசல்களின் வடிவம் காரணத்தைச் சொல்லிவிடும். நட்சத்திர வடிவில் பரவியவை ஏதோ மோதியதைக் காட்டுகின்றன. ஒரே திசையில் இணையாக ஓடுபவை அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருப்பதைக் காட்டுகின்றன. இரண்டாவது வகையை மேலே பூசி மறைத்தால் மீண்டும் வரும், உட்புறத்தில் வலுவூட்டினால்தான் நிற்கும். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி, தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக அரைக்க வேண்டும், 6 மி.மீ. ஓட்டுக்கு 72 மி.மீ. சரிவு. அரைப்பதற்கு முன்பே அசிட்டோனால் துடைத்து மெழுகை எடுக்க மறக்கக் கூடாது, ஏனெனில் உப்புத்தாள் அந்த மெழுகைக் கீறல்களுக்குள்ளேயே தேய்த்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் இருந்து, குத்தினால் வினிகர் வாடையுள்ள திரவம் வந்தால், ஜெல்கோட்டைத் தாண்டி நீர் ஊடுருவியிருக்கிறது. அவற்றைத் திறந்து, நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். இங்கே அவசரப்படுவது வீண். ஈரத்தின் மேல் பூசிய எபாக்சி அந்த ஈரத்தையே உள்ளே பூட்டி வைக்கும்.

பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எபாக்சி பிரைமரின் மேல் இரண்டு பாகப் பாலியூரித்தேனை ரோலரால் பூசி, உடனே தூரிகையால் மெல்ல வருடிவிட்டால் நல்ல மினுமினுப்பு கிடைக்கும். அதை வீட்டில் ஸ்பிரே செய்யக் கூடாது. அந்தப் பெயின்ட்டில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளின் துளிகளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குப் பெரும் தீங்கு.

கடைசியாக, நீர் வந்த வழிகள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தேவையைவிடப் பெரிய துளை போட்டு, அதைக் கெட்டியாக்கிய எபாக்சியால் முழுவதும் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடியும் துளைத்தேன். இப்படிச் செய்தால் பசை தேய்ந்து நீர் கசிந்தாலும் அது மரத்தைத் தொடாது. வடிகால் துளைக்கும் இதையே செய்ய வேண்டும். அடைக்கும் பசையாக சிலிக்கான் வேண்டாம். அது விட்டுச்செல்லும் படலத்தின் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. நீர்மட்டத்துக்குக் கீழே மரைன் பாலியூரித்தேன் சீலன்ட்தான் நம்பகமானது.

படகை நீரில் இறக்கும் முன், டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். அதற்கு மேல் விட்டால் எடை டிரெய்லருக்குத் தாங்காது. முதல் ஓட்டம் முடிந்து கரையேறியதும் இன்ஜின் போல்ட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்த்து, பின்பலகையின் கீழ்மூலைகளைச் சுத்தியலால் தட்டி ஒலியைக் குறித்துக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அதே இடங்களைத் தட்டுகிறேன். வடிகால் அடைப்பானைக் கழற்றி, துளையின் விளிம்பில் எபாக்சி வளையம் விரிசலின்றி இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கிறேன்.