வேலை செய்யும் இடமும் வீட்டு முகவரியும்

ஊழியர் விவரங்களைக் கையாளும் எச்.ஆர். (மனிதவள) மென்பொருள் அமைக்கும் வேலையில் யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளாத பகுதி, இடங்களும் முகவரிகளும். சம்பளக் கணக்கு, லீவு விதி, அப்ரைசல் என்றால் கூட்டம் போட்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். இடங்களின் பட்டியல் என்று வந்தால் மட்டும், "எக்செல்லில் அனுப்பிவிடுகிறோம், ஏற்றிவிடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். சென்னையில் தலைமை அலுவலகமும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஆலைகளும் வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு எஸ்.ஏ.பி. என்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது அந்தப் பகுதி என் கைக்கு வந்தது. அதைச் செய்யச் செய்ய எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. வேலை செய்யும் இடம் நிறுவனத்தின் பொறுப்பு. அதில் கறார் வேண்டும். வீட்டு முகவரி ஊழியருடையது. அவர் சொல்கிறபடி வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை பல நிறுவனங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

எஸ்.ஏ.பி.யில் ஊழியர் வேலை செய்யும் இடத்தைக் குறிக்கப் பெர்சனல் ஏரியா, அதற்குக் கீழே சப் ஏரியா என்று இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் நாலெழுத்துக் குறியீடு. எந்த நாள் விடுமுறை, தொழில் வரி எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இந்த நாலெழுத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். ஓசூர் ஆலையில் பொங்கல் விடுமுறை. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் இருந்த கிடங்கில் நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவ விடுமுறை. இரண்டையும் ஒரே சப் ஏரியாவில் போட்டால், விடுமுறை நாளில் வேலைக்கு வந்தவருக்கு அது சாதாரண நாளாகப் பதிவாகி, அவருக்குச் சேர வேண்டிய கூடுதல் சம்பளம் போய்விடும். அவர் அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தொழில் வரிதான் அதிகம் யோசிக்க வைத்தது. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இதை வாங்கக் கூடாது. தொகை சிறியதுதான். ஆனால் கர்நாடகத்தில் இது மாதாமாதம் மாநில அரசுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகிறது. எனவே கர்நாடகத்துக்கு வைத்த மாதிரி 'தமிழ்நாடு' என்று ஒரே ஒரு தொகுதி வைத்துவிட்டு நகர முடியாது. சென்னை அலுவலகத்துக்கு மாநகராட்சி, ஊருக்கு வெளியே இருக்கும் ஆலைக்கு அந்தந்த ஊராட்சி. ஆலைக்கு எந்த ஊராட்சி என்று கேட்டபோது தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் வெகுகாலமாக இருந்த ஒரு அண்ணனிடம் போனில் கேட்டேன். "தம்பி, கேட்டுக்கு முன்னாடி ஒரு ஊராட்சி, பின்பக்கக் குடோன் வேற ஊராட்சி. ரசீது ரெண்டும் என்கிட்ட இருக்கு, எடுத்து வைக்கிறேன்" என்றார். அந்த ரசீதுகளைப் பார்த்துத்தான் சப் ஏரியாவைப் பிரித்தோம். மாநிலம் வாரியாக அழகாக வரைந்து வைத்திருந்த படம் மாறிப்போனது. மாறியதுதான் சரி.

இடம் நகராவிட்டாலும் அது எந்த நிர்வாகத்தின் கீழ் வருகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2021இல் தாம்பரம், பல்லாவரம் முதலிய நகராட்சிகளையும் அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி வந்தது. இப்படி ஒரு மாற்றம் வரும்போது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடுகிற பழக்கம் பல பேரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கைத் திரும்ப எடுக்கும்போது அன்றைக்கு இல்லாத நிர்வாகத்தின் பெயர் அதில் வந்து நிற்கும். பழைய பதிவை அதன் கடைசித் தேதியோடு முடித்துவிட்டு, புதிய பதிவை அதற்கு மறுநாளிலிருந்து தொடங்க வேண்டும். மென்பொருளில் அதற்கான வசதி தயாராக இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பொறுமைதான் தேவை.

அடுத்தது வீட்டு முகவரி. இன்ஃபோடைப் 0006 என்ற திரையில் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, அவசரத்துக்கு உரிய முகவரி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பழைய விவரங்கள் எக்செல்லில் வந்தன. கதவு எண் 5/12 என்று யாரோ தட்டியிருக்கிறார்கள்; எக்செல் அதை டிசம்பர் 5 ஆக்கிவிட்டது. 12/75 என்ற வீடு 1975 டிசம்பர் ஆகிவிட்டது. 3/104 மட்டும் தேதியாக மாற வழியில்லாததால் தப்பித்தது. சென்னையில் புது எண், பழைய எண் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுகிற வழக்கம் வேறு. தேதியாகிப்போன கதவு எண்ணைச் சூத்திரம் போட்டு மீட்க முயலாதீர்கள். மூலத்தில் 5/12 இருந்ததா, 05/12 இருந்ததா, முழுத் தேதி ஒன்றே தவறிப்போய் அந்தக் கட்டத்தில் விழுந்ததா என்று தெரிய வழியில்லை. ஊழியரைத்தான் திரும்பக் கேட்க வேண்டும். கேட்டோம். கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது, ஆனாலும் சரியான எண் வந்தது. அப்புறம் எக்செல் படிவத்தில் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று முதலிலேயே மாற்றிவிட்டுத்தான் ஆலைகளுக்கு அனுப்பினோம்.

என்னை அதிகம் வருத்தியது கட்டாயக் கட்டங்கள். தெரு, கதவு எண், ஊர், மாநிலம், பின்கோடு எல்லாவற்றையும் நிரப்பினால்தான் சேமிக்க முடியும் என்று வைத்திருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்து உற்பத்தி லைனில் நிற்கிற பையனின் முகவரியில் தெரு கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. ஊர், தபால் நிலையம், வழி, மாவட்டம், அவ்வளவுதான். பீகார் முகவரியில் கிராமத்துக்குப் பக்கத்தில் காவல் நிலையத்தின் பெயர் வரும். அதுதான் அங்கே இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. திரையில் அதற்குக் கட்டம் இல்லை, தெருவுக்கு மட்டும் இருக்கிறது. விளைவு, தெருக் கட்டத்தில் ஒரு புள்ளி. காவல் நிலையத்தின் பெயர் எங்கேயும் ஏறவில்லை. ஆலையில் அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாம் யாருக்குச் சொல்வது? அவன் கொடுத்த விவரம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஒரு புள்ளியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தெருவையும் கதவு எண்ணையும் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஆதாரில் உள்ளபடி முழு முகவரியை எழுத இரண்டு நீளமான வரிகள் போதும். காவல் நிலையமோ கோயில் எதிரில் என்ற அடையாளமோ எது வந்தாலும் அதில் வரட்டும்.

பின்கோடை வைத்து மாநிலத்தைச் சரிபார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6இல் தொடங்குவது தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்த ஏனாமின் எண் ஆந்திர வரிசையில் 533464, மாஹேயின் எண் கேரள வரிசையில் 673310. ராணுவத் தபாலுக்கு 9இல் தொடங்கும் எண்கள். விதியைக் கறாராக வைத்தால், உண்மையைச் சொல்கிறவர் மாட்டிக்கொள்வார். ஏதோ ஒரு சென்னை எண்ணைப் போட்டவர் தாண்டிவிடுவார். அதனால் தடுக்காமல், 'ஒருமுறை சரிபார்க்கவும்' என்று எச்சரிக்கை மட்டும் காட்டும்படி வைத்தோம். பின்கோடிலிருந்து மாவட்டத்தைத் தானாக நிரப்புவதையும் விட்டுவிட்டோம். தபால் பட்டுவாடாவுக்காகப் பிரித்த எல்லை மாவட்ட எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே.

வருமான வரியிலும் வீட்டு முகவரிக்கு ஒரு பங்கு இருந்தது. வீட்டு வாடகைப் படி விலக்கில் நாங்கள் வேலை செய்த காலத்து விதிப்படி சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்கில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற ஊர்களுக்கு 40 சதவீதம் என்று ஒரு வரம்பு. பார்க்க வேண்டியது வாடகை வீடு இருக்கும் ஊரை, ஆலை இருக்கும் ஊரை அல்ல. ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு வருகிறவர் சென்னைக்குள் வாடகைக்கு இருக்கலாம், காஞ்சிபுரத்திலும் இருக்கலாம். வேலை செய்யும் இடத்தை வைத்து எல்லோருக்கும் ஒரே சதவீதம் போடுவது, இந்த இருவரில் ஒருவருக்கு நிச்சயம் தவறாகப் போகும்.

தற்போதைய முகவரி அடிக்கடி பழசாகிவிடும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற பையன்கள் சில மாதத்துக்கு ஒருமுறை அறை மாறுகிறார்கள். போனில் செயலியைத் திறந்து மாற்றச் சொன்னால் யாரும் மாற்றுவதில்லை. ஆனால் கம்பெனி பஸ் எங்கே ஏறுகிறோம் என்பதை மட்டும் உடனே சொல்லிவிடுகிறார்கள், சொல்லாவிட்டால் பஸ் வராதே. ஆகவே பஸ் ஏறும் இடத்தை முகவரியிலிருந்து பிரித்துத் தனிக் கட்டமாக வைத்தோம். அது மாறினால் முகவரியையும் கேட்கும்படி எச்.ஆருக்கு ஒரு நினைவூட்டல் போகும்.

அப்படிப் பிரித்ததில் இன்னொரு நன்மை உண்டு. இரவு ஷிப்டு பஸ்ஸுக்காக வீட்டு முகவரிப் பட்டியல் சூப்பர்வைசர், பஸ் காண்டிராக்டர், டிரைவர் என்று பல கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் எந்த வீட்டில் எந்த அறையில் தங்கியிருக்கிறாள் என்பது அவர்களில் யாருக்கும் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. இப்போது பஸ் பட்டியலில் பெயரும் ஏறும் இடமும் மட்டும் வருகிறது. வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டியவர்களுக்கு மட்டும் டைம் ஆபீஸ் அன்றைக்கு முகவரியைக் கொடுக்கிறது. முழு முகவரியைத் திறந்து பார்க்கும் உரிமை எச்.ஆரிலும் டைம் ஆபீஸிலும் சிலருக்குத்தான்.

காண்டிராக்ட் தொழிலாளர்கள் இதில் எதற்குள்ளும் வரவில்லை. அவர்களுடைய விவரங்கள் காண்டிராக்டரின் நோட்டில் இருக்கின்றன. பல நோட்டுகளில் ஊர்ப் பெயருக்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்த கட்டத்தில் அவர்களுடைய சொந்த ஊர் முகவரியும் வீட்டில் ஒருவருடைய போன் எண்ணும் இதே மென்பொருளில் ஏற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட் பாஸ் போடும்போதே இரண்டையும் வாங்கிவிடலாம்; திரையும் தயாராக இருக்கிறது.