ஒன்பதாம் நெடுஞ்சாலையில் ஒரு பாட்டு

22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' (ஓடவே பிறந்தோம்) பாட்டு வெளிவந்து வரும் திங்களோடு 50 ஆண்டுகள் நிறைகின்றன என்பதால், இன்றிரவு நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் எங்கள் வீட்டில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1974-இல், நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் ஒரு சிறிய வாடகை வீட்டில் எழுதப்பட்ட பாட்டு இது. நாலரை நிமிடப் பாட்டைப் பதிந்து முடிக்க ஏறத்தாழ 6 மாதம் பிடித்தது. கிடார்களை அடுக்கடுக்காகப் பதிந்து, அவற்றின் மேல் சிறு மணியோசையாகக் குளோக்கன்ஸ்பீலையும் சேர்த்திருக்கிறார்கள். கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் ஓய்ந்த சற்று நேரத்தில், எல்லா வாத்தியங்களும் படியிறங்குவதுபோல் சுரம் சுரமாகச் சரிந்து அந்தரத்தில் நிற்க, பாடகர் ஒன்றிலிருந்து நான்குவரை எண்ணிவிட்டுக் கடைசிச் சரணத்துக்குள் பாய்கிற இடத்தில் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

23 ஆகஸ்ட், சனி

மகனை அழைத்துக்கொண்டு, ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்த ஃப்ரீஹோல்டுக்குப் போய்வந்தேன். கூண்டிலிருந்து விடுபட்டவர்களாக இளைஞர்கள் சீறிப் பாய்வதாகப் பாட்டில் வரும் அதே ஒன்பதாம் நெடுஞ்சாலையில், இன்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்றுதான் போக முடிந்தது. பாட்டு முழுதும் ஓடி முடிவதற்குள் நாங்கள் மூன்று சிக்னலைத் தாண்டவில்லை.

அவருடைய தந்தை இவ்வூர்க் கம்பள ஆலையிலும் வேறு பல இடங்களிலும் வேலை பார்த்தவர். 1969-இல் பெற்றோர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, 19 வயதுப் பிள்ளை நியூ ஜெர்சியிலேயே தங்கிவிட்டார். ஊரைவிட்டு ஓடுவதைப் பாடியவர் இங்கேயே இருந்தார். கிளம்பிப் போனவர்கள் பெற்றோர்தாம். இதை மகனிடம் சொன்னபோது அவன், "இந்த ஊரும் எடிசன் மாதிரிதானே இருக்கிறது, அப்பா" என்றான். அவன் பாராட்டாகச் சொல்லவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

இந்த ஊர் முதுகெலும்பையே உருவிவிடும், இளமை இருக்கும்போதே கிளம்பிவிடுவோம் என்று வெண்டி என்ற பெண்ணை அழைக்கிறான் பாட்டின் இளைஞன். எங்கே போவது என்பதற்கு மட்டும் அவனிடம் பெயரில்லை. என்றோ ஒரு நாள் போய்ச்சேரும் இடம் என்பதோடு சரி. விட்டுப்போக வேண்டிய இடத்துக்குத்தான் சாலை எண் இருக்கிறது, கடற்கரைக் கேளிக்கைக் கூடம் இருக்கிறது, கார்க் கண்ணாடியில் பார்த்துத் தலைவாரும் பெண்கள் இருக்கிறார்கள். வெறுப்பு மட்டுமே கொண்டவன் ஊரை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வைத்திருப்பானா என்பது என் ஐயம். 1980-இல் நியூ ஜெர்சி சட்டமன்றத்தின் கீழவை இப்பாட்டை மாநில இளைஞர்களின் அதிகாரப்பூர்வமற்ற கீதமாக அறிவித்ததைப் பலர் கேலி செய்வார்கள். எனக்கு அது அத்தனை அசட்டுத்தனமாகத் தோன்றவில்லை. ஸ்பிரிங்ஸ்டீனே இன்று ஃப்ரீஹோல்டுக்கு அடுத்த கோல்ட்ஸ் நெக்கில்தான் வசிக்கிறார். நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் அதைச் சொல்லித் தம்மையே கிண்டலும் செய்துகொண்டார்.

நான் 22 வயதில் சொந்த ஊரைவிட்டு வந்தவன். நான் வந்துசேர்ந்த இடமே என் மகனுக்குக் கிளம்ப வேண்டிய ஊராகிவிட்டது. அவன் விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பட்டியலை இன்றிரவு காட்டினான். பக்கத்திலேயே இருக்கும் ரட்கர்ஸ் அதில் இல்லை.